சூரை மீன் ஆணையத்துக்குச் செயலாளர் எப்படி அமைகிறார்? பின்தொடரவும் விண்ணப்பிக்கவும் ஒரு வழிகாட்டி

வேலூர் மீன் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டு, கேட்ட வேகத்தில் கட்லா வைத்திருக்கும் கடைக்கு நகர்ந்துவிடுகிறவர்கள் நம்மில் பலர். நம்முடையது கடலே இல்லாத மாவட்டம். ஆயினும் நாம் விலை கேட்டுவிட்டு விட்டுப்போன வஞ்சிரமும், பக்கத்துத் தட்டில் கிடக்கும் சூரையும், இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையத்தின் பொறுப்பில் உள்ள 16 மீனினங்களைச் சேர்ந்தவை. செஷல்ஸ் நாட்டின் தலைநகரான விக்டோரியாவில் இருக்கும் அந்த ஆணையத்தில் இந்தியாவும் ஓர் உறுப்பு நாடு.

சத்துவாச்சாரியில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஞாயிறு பிற்பகல்களில் நான் எடுக்கும் வகுப்பில், "அந்த ஆணையத்தை நடத்தும் அதிகாரியை யார் நியமிக்கிறார்கள்?" என்று ஒரு மாணவர் கேட்டார். "உறுப்பு நாடுகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும்" என்று அன்று நான் சொன்ன பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தேடிப் படித்தபோது தெரிந்துகொண்டவற்றை, இத்தகைய நியமனத்தைச் செய்திகளில் பின்தொடர விரும்புவோருக்கும், மீன்வளம் படித்துவிட்டு என்றாவது அப்படியொரு பணிக்கு விண்ணப்பிக்க எண்ணுவோருக்கும் பயன்படும் வகையில் எழுதுகிறேன்.

முதலில் தலைவரையும் செயலாளரையும் பிரித்தறிய வேண்டும். பத்திரிகைச் செய்திகளில் இரண்டும் கலந்தே வருகின்றன. நம் பக்கத்து ஏரிகளில் மீன்பாசி குத்தகை எடுக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். சங்கத் தலைவர் உறுப்பினர்களிலிருந்து தேர்தல் வழியாக வருகிறவர். செயலாளரோ சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், பதிவேடும் பணப்பெட்டியும் அவர் கையில் இருக்கும். பன்னாட்டு ஆணையங்களிலும் அப்படித்தான். ஆணையத் தலைவர் ஏதேனும் ஒரு நாட்டின் பிரதிநிதியாக வந்து, குறுகிய காலத்துக்குக் கூட்டங்களை நடத்தித் தருபவர். மேற்கு மற்றும் மத்தியப் பசிபிக் மீன்வள ஆணையத்தில் அக்காலம் 2 ஆண்டுகள். நிர்வாகச் செயலாளர் அல்லது நிர்வாக இயக்குநர் என்று அழைக்கப்படுபவரே அலுவலகத்தை நடத்துகிறவர்; ஊழியர்கள், வரவு செலவு, கப்பல் பதிவேடு, பிடிப்புத் தரவுகள், கூட்ட ஆவணங்கள் எல்லாம் அவருடைய பொறுப்பில் இருக்கும். இரண்டு நாற்காலிகளிலும் வெவ்வேறு காலத்தில் அமர்ந்தவர்களும் உண்டு. அதே பசிபிக் ஆணையத்தில் முன்பு தலைவராக இருந்த ரியா மாஸ் கிறிஸ்டியன், பின்னர் 2023-இல் அதன் நிர்வாக இயக்குநராகப் பொறுப்பேற்றார். அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவரே.

அடுத்து, ஆணையத்தை உருவாக்கிய ஒப்பந்தத்தை எடுத்து, செயலகம் பற்றிய பிரிவை மட்டும் படியுங்கள். ஒரு பக்கம்கூட இருக்காது. அந்தப் பிரிவில் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: நியமிப்பது யார், ஒப்புதல் தருவது யார், நீக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது. இதைப் படிக்காமல் வேட்பாளர்களின் பெயர்ப் பட்டியலை அலசுவது, சர்வே எண் தெரியாமல் பத்திரம் பதியப் போவதைப் போன்றது.

விடைகள் ஆணையத்துக்கு ஆணையம் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதுதான் வியப்பு. 1966-இல் ரியோ டி ஜெனீரோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி மாட்ரிட்டில் இயங்கும் அட்லாண்டிக் சூரை ஆணையத்தில், நிர்வாகச் செயலாளரை ஆணையமே நியமிக்கிறது. ஆணையத்துக்கு விருப்பம் உள்ளவரை அவர் பதவியில் இருப்பார் என்று அதன் 7-ஆம் பிரிவு சொல்கிறது. பதவிக்காலம் என்று ஓர் எண்ணை அப்பிரிவு குறிப்பதில்லை. கிழக்குப் பசிபிக்கைக் கவனிக்கும் அமெரிக்க நாடுகளிடைச் சூரை ஆணையம், 2003-ஆம் ஆண்டின் அண்டிகுவா ஒப்பந்தத்தின்படி, தன் இயக்குநரை 4 ஆண்டுகளுக்கு நியமிக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் மறுநியமனம் செய்யலாம், வேண்டாம் என்றால் தன் விருப்பப்படி நீக்கவும் செய்யலாம். முன்பு சொன்ன மேற்கு மற்றும் மத்தியப் பசிபிக் ஆணையத்தின் ஒப்பந்தமோ 15-ஆம் பிரிவில் 4 ஆண்டுகள், மேலும் ஒரு முறை 4 ஆண்டுகள் என்று எல்லை கட்டிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் உள்ள அண்டார்க்டிகா கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையத்திலும் பதவிக்காலம் 4 ஆண்டுகள்தான், மறுநியமனத்துக்கு இடமுண்டு.

நமக்கு மிக நெருக்கமான இந்தியப் பெருங்கடல் ஆணையத்தின் ஏற்பாடு இவை எல்லாவற்றிலும் சிக்கலானது. அது தனித்து நிற்கும் அமைப்பன்று, ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் சாசனத்தில் உள்ள 14-ஆம் பிரிவின் கீழ், 1993-இல் ஒப்புதல் பெற்று 1996-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் பிறந்தது. ஆகவே அதன் 8-ஆம் பிரிவு, செயலாளரை உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் தலைமை இயக்குநர் ஆணையத்தின் ஒப்புதலோடு நியமிப்பார் என்கிறது. பூட்டு ஒன்று, சாவி இரண்டு. ரோமில் இருக்கும் தலைமை இயக்குநர் ஒரு சாவியை வைத்திருக்கிறார். மற்றொன்று உறுப்பு நாடுகளின் கையில் இருக்கிறது. நிர்வாக விஷயங்களில் செயலாளர் ரோமுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஆனால் அவர் நிறைவேற்றும் முடிவுகளோ உறுப்பு நாடுகள் எடுப்பவை, ஆணையத்தின் செலவுக்குப் பணம் கட்டுபவையும் அவையே. பணம் கட்டுகிறவர் ஒருவர், நியமன ஆணையில் கையெழுத்திடுகிறவர் வேறொருவர் என்றால் உரசல் வராமல் இருக்குமா? வந்தது. செயலாளரைத் தேர்ந்தெடுப்பதில் முதலில் பேச வேண்டியது தலைமை இயக்குநரா, ஆணையமா என்பது குறித்து 2010-களில் நீண்ட இழுபறி நடந்தது. ரோமின் பணியாளர் பிரிவு மனுக்களைச் சலிப்பது, உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளும் அமரும் குழு நேர்காணல் நடத்துவது, தலைமை இயக்குநர் முன்மொழியும் பெயரை ஆணையம் ஏற்பது என்ற சமரசப் பாதை அந்த இழுபறியிலிருந்து பிறந்ததே.

நியமிப்பது யார் என்ற கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதை நான் கையைச் சுட்டுக்கொண்டு கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், என்னிடம் படித்த ஒருவர் இத்தகைய ஓர் ஆணையத்தில் சிறிய பணியிடம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க விரும்பினார். ஆணையத்தின் முகவரிக்கே மின்னஞ்சல் அனுப்பச் சொன்னவன் நான். அங்கே ஊழியர் சேர்க்கை முழுவதும் தாய் அமைப்பின் இணையவாசல் வழியாக மட்டுமே நடந்தது. அவருடைய மனு கணக்கிலேயே சேரவில்லை, கடைசி நாள் கடந்த பிறகே அது தெரிந்தது. குறை கூற ஆளில்லை, நானே பொறுப்பு. ஒப்பந்தத்தில் ஒரு பத்தியைப் படித்திருந்தால் போதும்.

பிரிவைப் படித்தபின் நாட்காட்டியை எடுங்கள். இந்த ஆணையங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறையே முழுமையாகக் கூடுகின்றன: ஹோபார்ட்டில் அக்டோபரில், அட்லாண்டிக் ஆணையம் நவம்பரில், மேற்கு மற்றும் மத்தியப் பசிபிக் ஆணையம் டிசம்பரில். பதவியில் இருப்பவரின் காலம் எந்த மாதத்தில் முடிகிறது என்று பார்த்து, அதற்கு முந்தைய ஆண்டுக் கூட்டத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். தேர்வு அந்தக் கூட்டத்தில் முடிய வேண்டுமானால், நேர்காணலுக்கு அழைப்போர் பட்டியல் சில வாரங்களுக்கு முன்பும், விண்ணப்பங்களின் கடைசி நாள் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பும் வந்துவிட வேண்டும். அப்படியானால் பணி அறிவிக்கையின் வாசகம், அதற்கும் முந்தைய ஆண்டின் கூட்டத்திலேயே பேசி முடிக்கப்பட்டிருக்கும். விளம்பரம் கண்ணில் பட்ட பிறகு விழித்துக்கொள்பவர் இரண்டாம் பாதியில் ஆட்டம் பார்க்க வந்தவர்.

என் பார்வையில் உண்மையான தேர்வு நடப்பது அந்த அறிவிக்கை வாசகத்தில்தான். வாக்குப்பெட்டி வரும்போது களம் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். எடுத்துக்காட்டாக, மொழி. அட்லாண்டிக் ஆணையம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மூன்றிலும் இயங்குகிறது. இந்தியப் பெருங்கடல் ஆணையம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். கிழக்குப் பசிபிக் ஆணையம் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும். "ஒரு மொழியில் தேர்ச்சி, மற்றொன்றில் பரிச்சயம்" என்று எழுதினால் வாசல் ஒரு அளவுக்குத் திறந்திருக்கிறது. "இரண்டிலும் தேர்ச்சி" என்று எழுதினால் சென்னையிலோ கொழும்பிலோ ஆங்கிலம் மட்டும் படித்து வந்த விஞ்ஞானியின் முன் அதே வாசல் சாத்தப்படுகிறது. அவர் பெயரை யாரும் நிராகரிக்கவில்லை. ஒரு சொல் மாறியது, அவ்வளவே. கல்வித் தகுதியிலும் இதே நுட்பம் இருக்கிறது. மீன்வள அறிவியலில் முதுநிலைப் பட்டம் கட்டாயம் என்றால் தூதரகப் பணியிலிருந்து வருபவர்கள் வெளியே நிற்பார்கள். "அல்லது அதனோடு தொடர்புடைய துறை" என்ற நான்கு சொற்கள் சேர்ந்தால் சட்டம் படித்தவரும் நிர்வாகம் படித்தவரும் உள்ளே வந்துவிடுவார்கள். அண்டிகுவா ஒப்பந்தம் அறிவியல், தொழில்நுட்பம், நிர்வாகம் என்ற மூன்று பக்கத்திலும் தகுதி அறியப்பட்டவராக இயக்குநர் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, பின்னால் வாசகம் திரிக்கப்படாமல் பார்த்துக்கொண்டது. அறிவிக்கை கையில் கிடைத்தால், "கட்டாயம்" என்று வரும் இடங்களையும் "விரும்பத்தக்கது" என்று வரும் இடங்களையும் இரண்டு நிறத்தில் கோடிட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரே, இதனால் யார் வெளியேறுகிறார் என்று எழுதிப் பாருங்கள். என் வகுப்பில் இந்தப் பயிற்சிக்கு அரை மணி நேரம் ஆகும். அதன் பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருப்பதில்லை.

மனுக்களைச் சலிக்கும் கட்டம் மூடிய அறையில் நடப்பது. வெளியிலிருந்து பார்க்க அதிகமில்லை. குழுவில் யார் அமர்கிறார்கள், வேட்பாளரின் நாட்டைச் சேர்ந்தவர் அக்குழுவிலிருந்து விலகிக்கொள்கிறாரா, குழு ஒரே பெயரைத் தருகிறதா அல்லது சில பெயர்களைத் தரவரிசையோடு தருகிறதா என்ற மூன்றை மட்டும் கூட்ட அறிக்கையில் தேடினால் போதும்.

இறுதி முடிவுக்கு வருவோம். எல்லா ஆணையங்களும் ஒருமித்த கருத்தையே முதலில் நாடுகின்றன. தூதுக்குழுத் தலைவர்கள் மட்டும் கூடி, கதவைச் சாத்திக்கொண்டு பேசி, வெளியே வந்து ஒரு பெயரை அறிவிப்பதே அவர்கள் விரும்பும் முடிவு. அண்டார்க்டிகா ஆணையத்தில் முக்கியமான முடிவுகள் அனைத்துக்கும் ஒருமித்த கருத்து கட்டாயம். ஒரு நாடு தலையை ஆட்ட மறுத்தாலும் நின்றுவிடும். இந்தியப் பெருங்கடல் ஆணையத்தில் உறுப்பு நாட்டுக்கு ஒரு வாக்கு. மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தும் தீர்மானங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படும், மற்ற முடிவுகளுக்கு அளிக்கப்பட்ட வாக்குகளில் பெரும்பான்மையே போதும். மேற்கு மற்றும் மத்தியப் பசிபிக்கில், ஒருமித்த கருத்து எட்டாத முக்கிய விஷயங்களில், தீவு நாடுகளின் மீன்வள முகமையைச் சேர்ந்தவர்கள் ஓர் அணி, மற்றவர்கள் இன்னோர் அணி எனப் பிரித்து, இரண்டு அணியிலும் நான்கில் மூன்று பங்கு வேண்டும் என்று விதி இருக்கிறது. பெரிய கப்பல் வைத்திருக்கும் நாடு சிறு தீவின் தலைக்கு மேல் ஏறிப் போக முடியாதபடி போட்ட அணை அது.

வாக்கெடுப்பு நடந்தால் எதைக் கவனிப்பது என்பதை விதிப்புத்தகத்தைக் காட்டிலும் ஒரு ஞாயிறு வகுப்பு எனக்கு நன்றாகக் காட்டியது. பதினைந்து மாணவர்கள், பதினைந்து நாடுகள்; நான்கு கற்பனை வேட்பாளர்களுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர். நோட்டுத் தாளைக் கிழித்துச் சீட்டாக்கி, காலியான பிஸ்கட் டப்பாவைப் பெட்டியாக வைத்தோம். ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் நிற்பவர் விலக வேண்டும், யாராவது பெரும்பான்மை பெறும்வரை இது தொடர வேண்டும் என்பது எங்கள் விதி. முதல் சுற்றில் அ-வுக்கு 6, ஆ-வுக்கு 4, இ-க்கு 3, ஈ-க்கு 2. ஈ விலகினார், அவருடைய இரண்டு வாக்கும் இ-யிடம் போய்ச் சேர்ந்தன. இரண்டாம் சுற்றில் 6, 4, 5 என்று ஆனதால், முதலில் இரண்டாம் இடத்தில் இருந்த ஆ வெளியேறினார். மூன்றாம் சுற்றில் பெட்டியைத் திறந்தபோது அ-வுக்கு அதே 6, இ-க்கு 7, வெற்றுச் சீட்டு இரண்டு.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பதினைந்தில் பாதிக்கு மேல் என்றால் 8 வேண்டும், ஆகவே யாரும் வெல்லவில்லை என்றது ஒரு பக்கம். வெற்றுச் சீட்டு வாக்கே இல்லை, அளிக்கப்பட்டவை 13, அதில் 7 பெரும்பான்மை என்றது மறுபக்கம். குடியாத்தத்திலிருந்து வரும் மாணவி ஒருவர், சீட்டுகளை எண்ணும் பொறுப்பில் இருந்தவர், "சார், இதை முதல் சுற்றுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும்" என்றார். அவர் சொன்னதே சரி. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் பொது விதிகளில், அளிக்கப்பட்ட வாக்கு என்றால் நடுநிலை வகித்தவையும் செல்லாச் சீட்டுகளும் அதில் சேரா என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கின்படி இ வென்றுவிட்டார். எனவே ஒரு தேர்வைப் பின்தொடரும்போது விதிகளில் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, எவ்வளவு, பெரும்பான்மை எதன்மேல் கணக்கிடப்படுகிறது, கடைசி இடத்தில் இருவர் சமமாக நின்றால் என்ன செய்வது. முதல் சுற்றில் முந்துபவரைவிட, பலருக்கு இரண்டாம் விருப்பமாக இருப்பவரே இறுதியில் வெல்லும் வாய்ப்பு அதிகம் என்பதையும் அந்த பிஸ்கட் டப்பாவே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது.

அரசுகளின் ஆதரவு பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியா சார்பில் இந்த ஆணையங்களில் பேசுவது 2019-இல் தனியாக அமைந்த மீன்வளம், கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வள அமைச்சகத்தின் மீன்வளத் துறை. தனியாள் நேரடியாக மனுச் செய்ய முடிகிற ஆணையங்களில்கூட, சொந்த நாட்டின் தூதுக்குழு கூட்ட அறையில் வாய் திறக்காவிட்டால் அவருடைய பெயர் தளர்ந்துபோகும். அரசு நிறுத்தியவரை அரசே திரும்பப் பெறுவதும் உண்டு. 2019-இல் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் தலைமை இயக்குநர் தேர்தலுக்கு இந்தியா நிறுத்திய ரமேஷ் சந்த் வாக்கெடுப்புக்கு முன்பே விலக்கிக்கொள்ளப்பட்டார். சீனாவின் கு டோங்யு 191 வாக்குகளில் 108 பெற்று முதல் சுற்றிலேயே வென்றார். அவர் அமர்ந்த அந்த இருக்கைதான் இந்தியப் பெருங்கடல் ஆணையச் செயலாளரின் நியமனத்துக்கு ஒரு சாவியை வைத்திருக்கிறது என்பதால், இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

தேர்வானவர் அதன்பின் தம் நாட்டின் ஆள் அல்லர். எந்த அரசிடமிருந்தும் கட்டளை பெறக் கூடாது. காலம் முடிந்து வீடு திரும்பியபின் தடையில்லை. மேற்கு மற்றும் மத்தியப் பசிபிக் ஆணையத்தில் 2022 வரை நிர்வாக இயக்குநராக இருந்த ஃபெலெடி டியோ, 2024 பிப்ரவரியில் தம் நாடான துவாலுவின் பிரதமரானார்.

வேலூரிலிருந்து ஒருவர் இந்தப் பாதையைத் தொடங்க விரும்பினால், விக்டோரியாவுக்கு முன் சென்னையைப் பார்க்கட்டும். வங்கதேசம், இந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகிய நாடுகள் 2003-இல் அமைத்த வங்காள விரிகுடாத் திட்டத்தின் அரசுகளிடை அமைப்பு அங்கேதான் இருக்கிறது. காட்பாடியில் காலை ரயில் ஏறினால் மதியத்துக்குள் அதன் வாசலில் நிற்கலாம். 1979-இல் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் திட்டமாகத் தொடங்கி, பின்னர் நாடுகளே ஏற்று நடத்தும் அமைப்பாக மாறியது அது. சிறுதொழில் மீனவர்களைப் பற்றிய அதன் வெளியீடுகளைப் படிப்பதும், பிரெஞ்சு வகுப்பில் சேர்வதும், ஏரியிலோ துறைமுகத்திலோ மாநில மீன்வளத் துறையிலோ சில ஆண்டுகள் கணக்கும் கணினியும் ஆட்களும் கையாண்ட அனுபவம் சேர்ப்பதும் ஒன்றையொன்று தாங்கும் வேலைகள். மனு எழுதும்போது அறிவிக்கையில் "கட்டாயம்" என்ற கோடு விழுந்த ஒவ்வோர் இடத்துக்கும் ஆண்டு, பொறுப்பு, கையாண்ட தொகை ஆகியவற்றோடு நேர்விடை இருக்க வேண்டும். தொகையை ரூபாயில் மட்டும் எழுதாமல் டாலரிலும் தருவது வாசிப்பவருக்கு உதவும்.

கடைசி நாளின் நேரத்தை அந்த அலுவலகம் இருக்கும் ஊரின் கடிகாரப்படி கணக்கிடுங்கள். ரோமில் இரவு 11.59 என்றால் வேலூரில் மறுநாள் அதிகாலை 4.29, அங்கே கோடைக்கால நேரம் நடப்பில் இருந்தால் 3.29. மேற்கு மற்றும் மத்தியப் பசிபிக் ஆணையம் உள்ள, மைக்ரோனீசியாவின் பொன்பேயில் இரவு 11.59 ஆகும்போது நமக்கு அதே நாளின் மாலை 6.29 தான், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் அங்கே அடுத்த நாள் பிறந்திருக்கும்.